பம்ப் நின்ற பிறகு: வீட்டில் கட்டிய கீழ்த்தொட்டி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

மலேசியாவின் பேராக் மாநிலத்தின் வடக்கே, கிரியான் மாவட்டத்தில், செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த ஒரு சிறு பட்டணத்தில் நடந்தது இது: மீன் தொட்டித் தண்ணீரை வடிகட்ட வீட்டிலேயே கட்டிய கீழ்த்தொட்டி இரண்டு முறை வீட்டுக்குள் வெள்ளம் விட்டு, பிறகு திருத்திக் கட்டப்பட்டது. சம்பந்தப்பட்டவர்களின் ஒப்புதலோடு எழுதுகிறேன், பெயர்களை விட்டுவிட்டேன். மீன் வளர்ப்பவன் என்ற முறையில் அந்த வீட்டுக்கு அழைக்கப்பட்டு, அளவுகளை எடுத்துக் கணக்குப் போட்டுக் கொடுத்ததுதான் இதில் என் பங்கு.

மீன் தொட்டி இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. கிரியான் நெல்வயல்களின் பாசனத்துக்காக 1906இல் உருவாக்கப்பட்ட புக்கிட் மேரா ஏரி பக்கத்தில்தான் இருக்கிறது. தங்க நிற அரோவானாவுக்குப் பெயர் பெற்ற ஏரி அது. அந்த மீனை இங்கே பலருக்கும் பிடிக்கும். ஆனால் அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் உள்ள இனம் என்பதால், முறையான பதிவும் சான்றிதழும் இல்லாமல் வாங்க முடியாது. விலையும் கையைக் கடிக்கும். இந்த வீட்டுக்காரர் அதனால் ஆஸ்கர் மீன் பக்கம் போனார். தென்னமெரிக்காவின் அமேசான் படுகையைச் சேர்ந்த ஆஸ்கர், ஆளை அடையாளம் கண்டு கண்ணாடியோரம் ஓடிவரும். ஏறத்தாழ ஓர் அடி வரை வளரும். நிறையத் தின்னும், அதற்கேற்ப அசுத்தமும் செய்யும்.

வீட்டுக்காரருக்கு வயது முப்பத்தைந்து இருக்கும். செம்பனை எண்ணெய் ஆலையில் ஷிப்ட் வேலை. தாத்தா காலத்தில் ரப்பர் தோட்டத்து லயத்தில் இருந்த குடும்பம், தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகு பட்டணத்துத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு வந்து சேர்ந்தது. வீட்டில் மனைவி, அம்மா, தம்பி. அதே வரிசையில் நான்கு வீடு தள்ளி ஒரு பெரியவர் இருக்கிறார். தோட்டத்தின் பம்ப் ஹவுஸில் வாழ்நாள் முழுக்க வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆற்றிலிருந்து மேட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றி, அங்கிருந்து லயங்களுக்கு விடுவது அவர் பொறுப்பில் இருந்தது. இந்த நிகழ்வில் அவருடைய பங்கு பெரிது.

மீன் தொட்டி நான்கு அடி நீளம். உள்ளளவு 120 × 45 × 45 செ.மீ. விளிம்பிலிருந்து 4 செ.மீ. விட்டு 41 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும். கிட்டத்தட்ட 220 லிட்டர். அதில் இரண்டு ஆஸ்கர், ஐந்து சில்வர் டாலர் மீன்கள். முதலில் இருந்தது தொட்டியின் தலைமேல் உட்காரும் சாதாரண மேல் வடிகட்டி. ஆஸ்கர்கள் கையகலம் வந்ததும் அந்த வடிகட்டி திணறத் தொடங்கியது. பஞ்சு சில நாட்களிலேயே அடைத்துக்கொண்டது. தண்ணீர் மங்கலாகவே இருந்தது. அந்த அளவுக்கு ஏற்ற வெளிக்குடுவை வடிகட்டியின் விலையைக் கேட்டதும் அவர் யோசித்தார். மீன் தொட்டிக்குக் கீழே இருந்து, இறங்கிவரும் தண்ணீரை வடிகட்டி பம்ப் வழியே மேலே அனுப்பும், சம்ப் எனப்படும் கீழ்த்தொட்டியைத் தானே கட்டிவிடலாம் என்று முடிவெடுத்தார்.

முடிவு நியாயமானதுதான். கீழ்த்தொட்டி வைத்தால் மொத்தத் தண்ணீரின் அளவு கூடுகிறது, வடிகட்டும் பொருளுக்குத் தாராளமாக இடம் கிடைக்கிறது, பம்பும் குழாய்களும் அலமாரிக்குள் மறைந்துவிடுகின்றன. மேல்தொட்டியில் நீர்மட்டம் எப்போதும் ஒரே இடத்தில் நிற்கும். அழுக்குப் படலம் மேற்பரப்பிலிருந்தே வழிந்து கீழே போய்விடும்.

முதல் அமைப்பு

பழைய கண்ணாடித் தொட்டி ஒன்று மலிவாகக் கிடைத்தது: 75 × 38 × 38 செ.மீ. உள்ளளவு. அதை மேல்தொட்டியின் தாங்கிக்குள் வைத்தார். தடுப்புகள் எதுவும் வைக்கவில்லை. பிளாஸ்டிக் கூடைகளில் பஞ்சு, பீங்கான் வளையங்கள், எரிமலைக் கல் ஆகியவற்றை நிரப்பி ஒரு பக்கம் அடுக்கினார். மறுபக்கம் மணிக்கு 3,000 லிட்டர் என்று பெட்டியில் போட்டிருந்த பம்ப்.

மேல்தொட்டியின் கண்ணாடியில் துளையிட அவருக்குப் பயம். வாங்கி ஓராண்டுகூட ஆகாத தொட்டி. அதனால் பிவிசி குழாய்களை ஒட்டி, விளிம்பைத் தாண்டி வெளியே இறங்கும் வளைவுக் குழாய் ஒன்றைச் செய்தார். சைஃபன் இழுப்பினால், அதாவது நீர் நிறைந்த குழாய் காற்று புகாதவரை தானாகவே நீரைக் கீழே இழுப்பதால், தண்ணீர் மேல்தொட்டியிலிருந்து இறங்கும். துளையே வேண்டாம் என்பதால் இந்த முறை வீட்டில் செய்பவர்களிடம் பரவலாக இருக்கிறது. அவர் தேர்ந்தெடுத்த குழாய் தேவைக்கு மேல் அகலமானது. பெரிதாக இருந்தால் அடைக்காது என்பது அவர் எண்ணம்.

பம்பிலிருந்து திரும்பிவரும் குழாயின் வாயை நீர்மட்டத்துக்கு 12 செ.மீ. கீழே இறக்கி வைத்தார். ஆஸ்கரின் கழிவு அடியில் தங்காமல் நீரோட்டம் அதைத் தள்ளிவிடட்டும் என்று. நான்கு பிளக் போடும் நீட்டிப்புப் பலகையைக் கீழ்த்தொட்டியின் பக்கத்திலேயே, அலமாரியின் தரையில் வைத்தார்.

ஓடவிட்ட சில நாட்களில் தண்ணீர் பளிங்கானது. உறவினர்கள் வந்து பார்த்தார்கள். ஆலையில் உடன் வேலை செய்யும் இருவர் தங்களுக்கும் ஒன்று செய்து தரச் சொன்னார்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த அமைப்பில் குறை சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும்.

முதல் வெள்ளம்

தீபகற்ப மலேசியாவின் மேற்குக் கரையில் பருவக் காற்று மாறும் மாதங்களில், அதாவது ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும், பிற்பகல் இடிமழை வழக்கம். அருகில் மின்னல் விழுந்தால் பல வீடுகளில், மின்கசிவின்போது மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சான இஎல்சிபி தானாக விழுந்துவிடும். அன்றும் அப்படித்தான். வீட்டுக்காரர் ஆலையில், மனைவி வேலையில். அம்மா மட்டும் வீட்டில் இருந்தார்.

சுவிட்சை மேலே தள்ளிப் பார்த்தார்; உடனே விழுந்தது. மறுபடி தொடவில்லை. ஹாலுக்கு வந்தவர் காலடியில் தண்ணீரை உணர்ந்திருக்கிறார். நேராகப் பெரியவர் வீட்டுக்குப் போய் அவரை அழைத்து வந்தார். இரண்டாம் முறை தள்ளாமல் விட்டது இந்த நிகழ்வில் எடுக்கப்பட்ட மிக நல்ல முடிவு என்று கருதுகிறேன். நீட்டிப்புப் பலகை அப்போது நனைந்து கிடந்தது. இஎல்சிபி விழுந்துகொண்டே இருந்ததற்கு மின்னல் காரணமல்ல. மின்கசிவை அறிந்து தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. மின்சாரம் அடிக்கடி போகிறது என்று அந்தச் சுவிட்சைக் குச்சி வைத்துத் தாங்கிப் பிடிக்கும் வீடுகளையும் நான் பார்த்திருக்கிறேன்.

பெரியவர் முதலில் மெயின் சுவிட்சை இறக்கினார். அதன் பிறகே பலகையின் பிளக்கைப் பிடுங்கினார். தரையைத் துடைப்பதற்கு முன் அவர் பார்த்தது மேல்தொட்டியின் நீர்மட்டத்தை. தண்ணீர், திரும்பும் குழாயின் வாய்க்கு நேராக வந்து நின்றிருந்தது. காரணம் அங்கேயே தெரிந்துவிட்டது.

பம்ப் ஓடும்வரை அந்தக் குழாயில் தண்ணீர் மேலே ஏறும். நின்ற மறுநொடி, அதே குழாய் சைஃபனாக மாறி மேல்தொட்டியின் தண்ணீரைக் கீழே இழுக்கத் தொடங்கும். குழாயின் வாய் வெளியே தெரிந்து காற்று புகும்வரை நிற்காது. வாய் 12 செ.மீ. ஆழத்தில் இருந்ததால் 12 செ.மீ. தண்ணீரும் இறங்கிவிட்டது.

அன்று மாலை போட்ட கணக்கு இது. மேல்தொட்டியின் பரப்பு 120 × 45 = 5,400 சதுர செ.மீ.; ஆகவே ஒரு செ.மீ. இறங்கினால் 5.4 லிட்டர். 12 செ.மீ.க்கு ஏறத்தாழ 65 லிட்டர். கீழ்த்தொட்டியில் ஒரு செ.மீ.க்கு 2.85 லிட்டர். அதில் 22 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் இருந்தது. மேலே மீதி 16 செ.மீ. அதாவது 45 லிட்டருக்குச் சற்றுக் கூடுதல். குறைந்தது 19 லிட்டர் தரைக்குப் போகத்தான் வேண்டும், போயிருந்தது. இதற்கு ஒரு துண்டுக் காகிதமும் பென்சிலும் போதும். ஆனால் கட்டும்போது யாரும் நின்ற நிலையைக் கணக்கில் எடுக்கவில்லை. வீட்டுக்காரர் பார்த்த வழிகாட்டிக் காணொளிகள் எல்லாமே ஓடும் நிலையைத்தான் காட்டின.

வேலை முடிந்து வந்த வீட்டுக்காரரிடம் பெரியவர் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: “ஓடும்போது எல்லாப் பம்பும் நல்ல பம்புதான், தம்பி. நின்றால் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்.”

அவசரத் திருத்தம்

இரவு ஷிப்ட் வாரம் அது. முழுதாகப் பிரித்துக் கட்ட நேரமில்லை. வீட்டுக்காரர் இரண்டு காரியங்கள் செய்தார். திரும்பும் குழாயில், நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, 3 மி.மீ. துளை ஒன்று போட்டார். பம்ப் நின்று மட்டம் சிறிது இறங்கியதும் அந்தத் துளை வழியே காற்று புகுந்து சைஃபனை முறித்துவிடும். கூடவே பம்புக்கு மேலே ஓர் ஒருவழி வால்வையும் மாட்டினார்.

துளையைப் பெரியவர் ஏற்றார். வாரம் ஒருமுறை குச்சியால் குத்திவிடச் சொன்னார். பாசியும் நத்தைக் குஞ்சும் அடைத்தால் துளை இருப்பதும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான். வால்வை அவர் ஏற்கவில்லை. “இது இருக்கிறதே மாமா, தண்ணீர் எப்படித் திரும்பும்?” என்று வீட்டுக்காரர் கேட்டபோது, தோட்டத்து பம்ப் ஹவுஸின் ஃபுட் வால்வைப் பற்றிச் சொன்னார். ஆற்றுக்குள் உறிஞ்சு குழாயின் அடியில் இருக்கும் வால்வு அது. ஒரு செம்பனை நார், ஓர் இலைக்காம்பு இடுக்கில் மாட்டினால் போதும், மூடாது. காலையில் வந்து பார்த்தால் குழாய் வெறுமையாக இருக்கும், பம்ப் காற்றைத்தான் இழுக்கும். ஆஸ்கர் தொட்டியில் மிதக்கும் குப்பைக்கு ஆற்றுக் குப்பை எவ்வளவோ மேல் என்றார். ஒருவழி வால்வு உதவிக்கு இருக்கலாம், கணக்கில் அதைச் சேர்க்கக் கூடாது என்பது அவர் முடிவு. அதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

நீட்டிப்புப் பலகை தரையிலிருந்து எடுக்கப்பட்டு அலமாரியின் மேல்பக்கச் சுவரில் திருகப்பட்டது. ஒவ்வொரு வயரும் பிளக்கை அடைவதற்கு முன் கீழே தொங்கி வளைந்து மேலேறும்படி விடப்பட்டது. வயரில் வழியும் நீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், பிளக்குக்குப் போகாது.

இரண்டாம் வெள்ளம்

சில வாரங்கள் அமைதியாகப் போயின. பிறகு ஓர் இரவு சிறிது நேரம் மின்சாரம் நின்று தானாகத் திரும்பியது. எல்லோரும் தூக்கத்தில் இருந்தார்கள்.

நின்றபோது எதுவும் நடக்கவில்லை. துளை தன் வேலையைச் செய்தது. சிக்கல் மின்சாரம் திரும்பியபோது வந்தது. மேல்தொட்டியிலிருந்து இறங்கும் வளைவுக் குழாயின் உச்சியில் காற்று சேர்ந்திருந்தது. அகலமான குழாயில் ஓட்டம் மெதுவாக இருப்பதால் நுண்குமிழ்கள் நீரோடு அடித்துச் செல்லப்படாமல் உச்சியிலேயே தங்கிவிடுகின்றன. ஓடிக்கொண்டிருந்தவரை மீதி இடைவெளியில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. நின்று மீண்டும் தொடங்கியபோது சைஃபன் பிடிக்கவில்லை. பம்ப் தண்ணீரை மேலே அனுப்பிக்கொண்டே இருந்தது, கீழே இறங்க வழியில்லை.

முதல்முறை கீழ்த்தொட்டி வழிந்தது, இம்முறை மேல்தொட்டி. தடுப்பு இல்லாத ஒற்றை அறை என்பதால், பம்பின் வாய்க்கு எட்டும் தண்ணீர் முழுவதும் மேலே போகும். 22 செ.மீ.யிலிருந்து ஏறத்தாழ 6 செ.மீ. வரை, 45 லிட்டர். மேல்தொட்டியில் இருந்த வெற்றிடம் 4 செ.மீ., 21 லிட்டர் சொச்சம். மீதி 24 லிட்டர் சுவரோரம் வழிந்தது. விளிம்புவரை நீர் ஏறியதில் மூடி சற்று நகர்ந்திருக்க வேண்டும். ஒரு சில்வர் டாலர் தரையில் இறந்து கிடந்தது. மிரண்டால் துள்ளும் இனம் அது. காலையில் பம்ப் வெறும் காற்றில் சூடாகி உறுமிக்கொண்டிருந்தது. நல்லவேளையாகக் கருகவில்லை.

வீட்டில் தொட்டியையே எடுத்துவிடலாம் என்ற பேச்சு எழுந்தது. அம்மாதான் மறுத்தார். ஆஸ்கர்கள் அவர் கையிலிருந்து தின்னப் பழகியிருந்தன.

மறுகட்டுமானம்

இம்முறை பெரியவரும் வீட்டுக்காரரும் உட்கார்ந்து முதலில் எழுதியது இரண்டு கேள்விகள். பம்ப் நின்றால் எவ்வளவு தண்ணீர் கீழே வரும்? இறங்கும் குழாய் அடைத்தால் எவ்வளவு தண்ணீர் மேலே போகும்? முதலாவது கீழ்த்தொட்டியின் வெற்றிடத்துக்குள் அடங்க வேண்டும். இரண்டாவது மேல்தொட்டியின் வெற்றிடத்துக்குள் அடங்க வேண்டும். இரண்டுக்கும் விடை கிடைத்த பிறகே ஒரு கண்ணாடித் துண்டுகூட வெட்டப்பட்டது.

வளைவுக் குழாயைக் கைவிட்டுத் துளையிடுவது என்று முடிவானது. கடினப்படுத்திய கண்ணாடியில் துளையிட முயன்றால் முழுப் பலகையும் சிறு சிறு துண்டுகளாகச் சிதறும். தொட்டியின் பின்கண்ணாடி எந்த வகை என்று அறிய ஓர் எளிய சோதனை செய்தோம். ஒளிரும் கைப்பேசித் திரையைக் கண்ணாடிக்குப் பின்னால் பிடித்து, போலராய்டு கறுப்புக் கண்ணாடி அணிந்து பார்த்தோம். கடினப்படுத்திய கண்ணாடியானால் இருளும் ஒளியுமாகத் திட்டுகள் தெரியும். தெரியவில்லை. தொட்டி செய்த கடையிலும் கேட்டு உறுதி செய்துகொண்டார்கள். பல தொட்டிகளில் அடிக்கண்ணாடி மட்டும் கடினப்படுத்தியதாக இருக்கும் என்பதால் அடியைத் தொடவில்லை.

துளையில் குழாயைப் பொருத்தும் டேங்க் கனெக்டரின் திருகுப் பகுதியை அளந்த பிறகே அதற்கேற்ற வைரத்தூள் பூசிய வட்டத் துளைக்கருவியை வாங்கினார்கள். துளையைச் சுற்றிக் களிமண்ணால் வரப்பு கட்டி உள்ளே தண்ணீர் நிறுத்தி, பின்பக்கம் ஒட்டுநாடா ஒட்டி, டிரில்லைக் குறைந்த வேகத்தில், சுத்தியல் முறையை அணைத்துவிட்டுப் பெரியவர் ஓட்டினார். அழுத்தவே இல்லை, டிரில்லின் எடையே போதும் என்றார். கடைசி மில்லிமீட்டரில்தான் கண்ணாடி சில்லுப் போகும் என்பதால் முடிவில் இன்னும் மெதுவாக்கினார். பின்கண்ணாடியின் மேல்மூலையில் இரண்டு துளைகள். இவற்றைச் சுற்றி உள்பக்கம் ஒரு சிறு கண்ணாடிப் பெட்டி ஒட்டப்பட்டது. மேற்பரப்புத் தண்ணீர் அதன் விளிம்பைத் தாண்டித்தான் பெட்டிக்குள் விழும்.

இரண்டு துளைகள் எதற்கு என்று வீட்டுக்காரரின் தம்பி கேட்டார். ஒன்று எப்போதாவது அடைக்கும் என்பதே பதில். முதல் குழாயில் ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் பந்து வால்வு ஒன்று உண்டு. அதைச் சிறிது சிறிதாக மூடி, குழாய் முழுக்கத் தண்ணீர் நிறைந்து ஓடும்படி சரிசெய்தார்கள். காற்று கலக்காததால் கடகடச் சத்தம் நின்றுவிட்டது. இரண்டாவது குழாயின் வாய் சற்று உயரத்தில் இருக்கும். அதில் ஒரு மெல்லிய ஒழுக்கு மட்டும் போகும். முதல் குழாய் அடைத்தால் முழுத் தண்ணீரும் அதன் வழியே இறங்க வேண்டும். அந்த இரண்டாம் குழாயில் எந்தக் காரணத்துக்காகவும் வால்வு வைக்கக் கூடாது.

கீழ்த்தொட்டிக்கு 5 மி.மீ. கண்ணாடியில் தடுப்புகள் வெட்டி வாங்கப்பட்டன. அக்ரிலிக் மலிவாகக் கிடைத்தது, ஆனால் சிலிக்கான் அதில் நன்றாகப் பிடிக்காது. பூஞ்சைத் தடுப்பு கலந்த குளியலறை சிலிக்கானையும் தவிர்த்தார்கள். அது மீனுக்கு நஞ்சு. புளித்த காடி வாசம் வரும் சாதாரண சிலிக்கானையே பூசி, வாசம் முழுதாகப் போகும்வரை விட்டார்கள். 75 செ.மீ. நீளத்தில் முதல் 15 செ.மீ. பஞ்சுக்கு. அடுத்த 35 செ.மீ. வளையங்களுக்கும் எரிமலைக் கல்லுக்கும். பிறகு குமிழ்களைப் பிடிக்க மேலும் கீழுமாகத் தண்ணீர் போகும் 5 செ.மீ. இடுக்கு. கடைசி 20 செ.மீ. பம்புக்கு. தடுப்புகளின் உயரம் 22 செ.மீ.; பம்ப் அறையில் ஓடும் மட்டம் 20 செ.மீ.

திரும்பும் குழாயின் வாயை நீர்மட்டத்துக்கு 2 செ.மீ. கீழே கொண்டுவந்தார்கள். அடிக்கழிவைத் தள்ள ஒரு சிறு உள்பம்ப் தனியாக வைக்கப்பட்டது. இப்போது கணக்கு இப்படி: நின்றால் 2 செ.மீ.க்கு 10.8 லிட்டர், வழிவுப் பெட்டியிலும் குழாய்களிலும் உள்ளது சுமார் 4 லிட்டர், மொத்தம் 15 லிட்டர். கீழ்த்தொட்டியில் இடம் 45 லிட்டர். அடைத்தால் மேலே போகக்கூடியது பம்ப் அறையின் தண்ணீர் மட்டும்: 20 × 38 × 20 செ.மீ., ஏறத்தாழ 15 லிட்டர். அது மேல்தொட்டியில் 2.8 செ.மீ. உயர்த்தும். இருக்கும் வெற்றிடம் 4 செ.மீ. ஒருவழி வால்வைக் கழற்றி வீட்டுக்காரரின் கருவிப் பெட்டியில் போட்டாயிற்று.

வீட்டுக்குள் கொண்டுபோவதற்கு முன், கார் நிறுத்தும் இடத்தில் வெறும் தண்ணீரில் ஓடவிட்டார்கள். பம்பின் உண்மையான அளவு தெரிய, திரும்பும் குழாயைப் 10 லிட்டர் வாளியில் விட்டுக் கைப்பேசியில் நேரம் பார்த்தோம்: 24 விநாடி. மணிக்கு 1,500 லிட்டர். பெட்டியில் எழுதியிருந்த 3,000 என்பது உயரமே ஏற்றாமல் கிடைக்கும் அளவு. ஒரு மீட்டருக்கு மேல் ஏறி, குழாயின் முழங்கை வளைவுகளைத் தாண்டி வரும்போது பாதிதான் வரும். இந்தத் தொட்டிக்கு அது மணிக்கு ஏறத்தாழ ஏழு சுற்று, போதுமானது.

பிறகு பிளக்கைப் பிடுங்கினார்கள். தண்ணீர் இறங்கி நின்றபோது கீழ்த்தொட்டியில் இருந்த மட்டத்தில் அழியாத மையால் ஒரு சிவப்புக் கோடு, ஓடும் மட்டத்தில் ஒரு நீலக் கோடு. அடுத்து முதல் குழாயின் வால்வை முழுதாக மூடினார்கள். இரண்டாவது தனியாகத் தாங்கியது, சத்தம் மட்டும் போட்டது. கடைசியாக இரண்டையும் துணியால் அடைத்தார்கள். மேல்தொட்டி உயர்ந்தது, விளிம்பைத் தொடாமல் நின்றது.

மீன்களின் நிலை

கட்டுமானம் நடந்த நாட்களில் மீன்கள் நிழலில் ஒரு பிளாஸ்டிக் பீப்பாயில் காற்றுக் கல்லோடு இருந்தன. வடிகட்டும் பொருளில் குடியிருக்கும் பாக்டீரியாக்களைக் காப்பதுதான் கடினம். மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றுபவை அவை. ஆக்சிஜனும் ஈரமும் அவற்றுக்கு வேண்டும், குளோரின் ஆகாது. கூடைகளைப் பழைய தொட்டித் தண்ணீரிலேயே வாளியில் காற்றோட்டத்தோடு வைத்திருக்கச் சொல்லியிருந்தோம். உதவி செய்ய வந்த தம்பி, அழுக்காக இருக்கிறதே என்று பெரிய கூடையைக் குழாய்த் தண்ணீரில் நன்றாக அலசிவிட்டார்.

விளைவு, மீன்கள் திரும்பிய சில நாட்களில் தெரிந்தது. ஆஸ்கர்கள் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு மூலையில் நின்றன. அம்மா நீட்டிய உணவையும் தொடவில்லை. சோதனைக் குப்பியில் அமோனியா சிறிதளவும் நைட்ரைட் தெளிவாகவும் தெரிந்தன. நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் 7க்குப் பக்கத்தில் இருந்தது, அது நல்லதாயிற்று. நம் ஊர் வெப்பத்தில், 28 டிகிரியில், பிஎச் 7 என்றால் மொத்த அமோனியாவில் நஞ்சாகும் பகுதி நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. பிஎச் 8 ஆனால் நூற்றில் ஆறு, ஏழு பங்கு நஞ்சாகும். ஆகவே பிஎச்சைக் கூட்டும் எதையும் போட வேண்டாம் என்று முடிவெடுத்தோம். உணவை நிறுத்தி, குளோரின் நீக்கிய தண்ணீரால் நாள்தோறும் கால் பங்கு மாற்றினார்கள். லிட்டருக்கு ஒரு கிராம் வீதம் அயோடின் சேர்க்காத உப்பும் கரைத்து விடப்பட்டது. உப்பிலுள்ள குளோரைடு, செவுள் வழியே நைட்ரைட் உள்ளே போவதைத் தடுக்கிறது. அலசப்படாத சிறு கூடை ஒன்று எஞ்சியிருந்ததால் மீட்சி விரைவாகவே வந்தது. மேலும் எந்த மீனும் இறக்கவில்லை.

பிறகு

அதன் பின் பலமுறை மின்சாரம் நின்றிருக்கிறது. ஒவ்வொரு முறையும் தண்ணீர் சிவப்புக் கோட்டுக்கு வந்து நிற்கிறது. திரும்பினால் நீலக் கோட்டுக்குப் போகிறது. தரை நனையவில்லை. உரிமம் பெற்ற மின்பணியாளர் ஒருவர் வந்து, மீன் தொட்டிக்குத் தனி இணைப்பும், 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டிக்கும் தனிப் பாதுகாப்பும் போட்டுக் கொடுத்தார்.

எதிர்பாராத ஒரு விஷயம் ஆவியாதல். கீழ்த்தொட்டி அமைப்பில் தண்ணீர் குறைவது பம்ப் அறையில் மட்டுமே தெரியும். அதன் பரப்பு 760 சதுர செ.மீ. என்பதால், ஒரு லிட்டர் குறைந்தாலே மட்டம் 1.3 செ.மீ. இறங்கும். கவனிக்காவிட்டால் பம்ப் காற்றை இழுக்கத் தொடங்கும். வாரம் இரண்டு, மூன்று முறை ஊற்ற வேண்டியிருக்கிறது. ஊற்றுவது பம்ப் ஓடும்போது மட்டும், நீலக் கோடு வரை மட்டும் என்று அலமாரிக் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். நின்ற நிலையில் சிவப்புக் கோட்டைப் பார்த்துவிட்டு இன்னும் இடம் இருக்கிறதே என்று ஊற்றினால் கணக்கு முழுவதும் கெடும். மட்டம் குறைந்திருக்கிறது என்று அம்மா இதை ஒருமுறை செய்யப் போனார். கதவைத் திறந்ததும் ஒட்டியிருந்த தாளைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

நீண்ட மின்தடைக்கு, மின்சாரம் போனதும் தானாக ஓடும் பேட்டரிக் காற்று பம்ப் ஒன்று வாங்கி வைத்தார்கள். 30 டிகிரித் தண்ணீர் அதிகபட்சம் லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜன்தான் தாங்கும். ஆஸ்கர் அளவு மீனுக்கு அது விரைவில் தீர்ந்துவிடும். மூடிய குடுவை வடிகட்டியில் ஓட்டம் நின்றால் உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியா அழுகத் தொடங்கும். திறந்த கீழ்த்தொட்டியில் அந்த ஆபத்து குறைவு. செலவை விட்டுப் பார்த்தாலும், இந்த ஊரின் மின்தடைக்குக் கீழ்த்தொட்டியே பொருத்தம் என்று நான் நினைப்பதற்கு இதுவே காரணம்.

இன்னொருமுறை கட்டினால்

துளைகள் தொட்டி காலியாக, புதிதாக இருக்கும்போதே போடப்பட வேண்டும். கடையில் செய்யச் சொல்லும்போதே துளையும் கேட்கலாம். கூடுதல் செலவு சிறிதுதான். வீட்டுக்காரரின் தயக்கம் புரிந்துகொள்ளக்கூடியது. ஆனால் துளையைத் தவிர்க்கப் போய்த்தான் இரண்டாம் வெள்ளம் வந்தது.

பஞ்சு அறை இப்போது அலமாரியின் உள்மூலையில் இருக்கிறது. அடிக்கடி கை வைக்க வேண்டிய அறை அதுதான். கதவுப் பக்கம் இருந்திருக்க வேண்டும். அம்மாவால் அதை எட்ட முடியாததால், பஞ்சு கழுவுவது வீட்டுக்காரரின் ஷிப்ட்டைப் பொறுத்துத் தள்ளிப்போகிறது.

பம்பின் குழாய் முழுவதையும் பிவிசி பசையால் ஒட்டிவிட்டார்கள். முதல்முறை பம்பைக் கழுவ எடுத்தபோது குழாயை அறுக்க வேண்டியதாயிற்று. அறுத்த இடத்தில் இப்போது கையால் திருகும் யூனியன் இணைப்பு ஒன்று போட்டிருக்கிறார்கள். ஆலை நண்பர்கள் இருவருக்கும் கட்டிக் கொடுக்கும் தொட்டிகளில் அது முதலிலேயே வைக்கப்படுகிறது.